நன்னூற் பாயிரத்தில் அச்சம்

தமிழ் முதுகலை வகுப்பில் நன்னூற் பொதுப்பாயிரம் பெரும்பாலும் இரண்டு மூன்று நாள்களில் முடிந்துவிடுகின்றது. ஆசிரியர்க்கு நான்கு உவமை, ஆசிரியர் ஆகார்க்கு நான்கு உவமை, மாணாக்கர்க்கு எட்டு உவமை என எண்ணிக் குறித்துக்கொண்டு, தேர்வுக்கு வேண்டிய அளவில் நின்றுவிடுகின்றோம். பின்னர் விழா மேடைகளில் அது மீண்டும் நினைக்கப்படும். ஆண்டும் மாணாக்கரின் அடக்கத்தைப் புகழ்வதற்கே அது பெரிதும் பயன்படுகின்றது. இவ்வாறு படித்துப் பழகியதனால் அப்பாயிரத்தின் ஒரு கூறு நம் கண்ணிற் படாது போயிற்று. ஆசிரியனையும் மாணாக்கனையும் பற்றிய சூத்திரங்களில் அச்சம் என்னும் கருத்து மூன்று இடங்களில் வருகின்றது. அம்மூன்றையும் ஒருங்கு வைத்து நோக்கின், மாணாக்கர் அஞ்சாது கற்கும் வகுப்பு எவ்வாறு அமையும் என்னும் வினாவுக்கு விடை காண வழி பிறக்கும். அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நூலும் உரையும்

நன்னூல் பதின்மூன்றாம் நூற்றாண்டில் சீயகங்கன் வேண்டப் பவணந்தி முனிவர் இயற்றியது. அதற்குக் கிடைத்துள்ள உரைகளுள் பழமையானது மயிலைநாதர் உரை. மயிலைநாதர் என்னும் பெயர், மயிலாப்பூரில் முன்பு எழுந்தருளியிருந்த சமணத் தீர்த்தங்கரராகிய நேமிநாதரின் பெயரை ஒட்டியது என்பர். அவ்வுரையை 1918-இல் பதிப்பித்து உதவியவர் டாக்டர் உ. வே. சாமிநாதையர். அப்போது அவர் சென்னை மாநிலக் கல்லூரித் தமிழாசிரியர். ஆகவே பாயிரம் பற்றிய ஆராய்ச்சிக்கும் கடலோரத்து இந்நகருக்கும் பழைய உறவு உண்டு.

பொதுப்பாயிரச் சூத்திரங்களுட் பல, பவணந்தியார்க்கு முன்னரே ஆசிரிய மரபில் வழங்கியவை என்று கருதுவாரும் உளர். அவ்வாறாயின் இவை ஒரு தனி ஆசிரியரின் கருத்தாக மட்டும் அமையாமல், ஒரு நெடிய மரபின் கருத்தாகவும் அமையும். அவற்றில் முரண்பாடு தோன்றின் அதனை ஒருவர் பிழையாகக் கொள்ளாது, மரபினுள்ளே இருந்த இருவேறு நோக்குகளாகக் கொள்வதே பொருத்தம்.

முதல் அச்சம்

ஆசிரியராதற்குத் தகுதி இல்லாதவரைக் கூறும் சூத்திரம் சில குற்றங்களை அடுக்குகின்றது. பொறாமை, பேராசை, வஞ்சனை ஆகியவற்றோடு ‘அச்சம் ஆடல்’ என்பதும் ஆண்டு எண்ணப்படுகின்றது. கேட்போர்க்கு அச்சம் உண்டாகும்படி பேசுதல் என உரைகாரர் இதற்குப் பொருள் கூறுவர். மாணாக்கனை அடித்தல் ஈண்டுக் குறிக்கப்படவில்லை. பேச்சே குறிக்கப்படுகின்றது. கடுஞ்சொல், ஏளனம், ‘உனக்கு இது வாராது’ என்னும் தீர்ப்பு ஆகிய யாவும் இச்சொல்லுள் அடங்கும். இத்தகையோர் ஆசிரியர் ஆதல் இல்லை என்று சூத்திரம் முடிகின்றது. குறையுடைய ஆசிரியர் என்று அது கூறவில்லை. ஆசிரியரே ஆகார் என்கின்றது. இக்கடுமை கருதத் தக்கது.

அச்சூத்திரத்திலுள்ள நான்கு உவமைகளுள் மடற்பனையும் ஈண்டுக் கருதத் தக்கது. கருக்கு மட்டைகள் சூழ்ந்த பனையில் எளிதில் ஏற முடியாது. பழம் தானே விழுந்தால் எடுத்துக்கொள்ளலாம். வேண்டியபோது சென்று பறித்தல் அரிது. தான் கருதியபோது சொல்லி, மாணாக்கன் ஐயுற்று வினவும்போது சொல்லாத ஆசிரியனுக்கு இது பொருத்தமான உவமை. அறிவு உச்சியில் உளது, வழியெல்லாம் முள். இதற்கு மறுதலையாக நல்லாசிரியர்க்குக் கூறிய உவமைகளுள் மலர் ஒன்று. யாவரும் விரும்பும் மென்மையும் உரிய பொழுதில் மலரும் முகமும் மலருக்கும் ஆசிரியனுக்கும் பொதுவாகின்றன.

இரண்டாம் அச்சம்

இனி, மாணாக்கர் ஆகாதாரைக் கூறும் சூத்திரத்தை நோக்குவோம். கள்ளுண்டு களிப்பவன், சோம்பன், செருக்குடையவன், கள்வன் என்று தொடங்கும் அப்பட்டியலில் நோயாளனும் ஏழையும் உளர். ஏழை என்னும் சொல் பழைய வழக்கில் அறியாமையையும் குறிக்கும். இன்றைய வழக்கில் வறுமையையே குறிக்கும். எப்பொருள் கொள்ளினும் அது ஒருவன் தானே விரும்பி மேற்கொண்ட குற்றம் அன்று. இவர்களோடு மற்றொருவனும் வைக்கப்பட்டுள்ளான். பழைய நூல்களின் அருமை கண்டு அஞ்சி உள்ளம் தடுமாறுவோன் அவன். கள்வனுக்கும் வஞ்சகனுக்கும் நூல் சொல்லற்க என்ற அதே வாயால், அஞ்சுவோனுக்கும் சொல்லற்க என்கின்றது சூத்திரம்.

இதனை எவ்வாறு அமைதி காண்பது? பாயிரம் எழுந்த காலத்தில் இலக்கணம் கற்க வந்தோர் சிலரே. அவருள்ளும் தக்காரைத் தேர்ந்துகொள்ளும் உரிமை ஆசானுக்கு இருந்தது. அரிய நூலைத் தாங்கும் உரம் இல்லாதவனை அவன் விலக்கியது இயல்பே என்று கூறலாம். இவ்விடை வரலாற்றளவில் சரியே. ஆயினும் ஒரு வினா எஞ்சி நிற்கின்றது. மாணாக்கன் நூலுக்கு அஞ்சினானா, நூலைச் சொன்னவனுக்கு அஞ்சினானா? முதற் சூத்திரத்தில் அச்சம் ஊட்டிப் பேசுவோனைக் கடிந்த மரபு, இரண்டாம் சூத்திரத்தில் அஞ்சி நிற்பவனையும் கடிகின்றது. இவ்விரண்டுக்கும் உள்ள காரண காரியத் தொடர்பைச் சூத்திரம் வெளிப்படச் சொல்லவில்லை. படிப்போராகிய நாமே தொடர்புபடுத்திக் காணல் வேண்டும். நூலுக்கு அஞ்சுவோருட் பலர், ஒரு காலத்தில் ஓர் ஆசிரியர்க்கோ உடன் பயின்றோர்க்கோ அஞ்சியவரே என்பது எம் துணிபு.

மூன்றாம் அச்சம்

மூன்றாவது இடம் வழிபாட்டைக் கூறும் சூத்திரம். நெருப்பருகில் குளிர்காய்வோன் போல, மிக விலகாமலும் மிக நெருங்காமலும் அஞ்சி ஒழுகுக என்று அது மாணாக்கனுக்கு விதிக்கின்றது. இவ்வுவமை திருக்குறளிலும் வருதலைக் கற்றோர் அறிவர். ஆண்டு அது ‘மன்னரைச் சேர்ந்தொழுகல்’ என்னும் அதிகாரத்தில் உளது. மாறுபாடு மிக்க வேந்தரை அடுத்து வாழும் அமைச்சர்க்குச் சொல்லப்பட்டது அது. திருவள்ளுவர் கல்வி, கேள்வி ஆகிய அதிகாரங்களில் இவ்வுவமையை வைத்தாரல்லர். அரசவைக்கு உரிய ஓர் உவமை பாயிரத்தில் வகுப்புக்குள் வந்திருக்கின்றது. அரசன் முன் அஞ்சுவோன் உயிர்க்கு அஞ்சுகின்றான், அவ்வச்சம் அறிவின்பாற்பட்டது. ஆசான் முன் அஞ்சுவோன் எதனைக் காத்துக்கொள்ள அஞ்சுகின்றான்?

ஆனால் அச்சூத்திரம் நெருப்போடு நிற்கவில்லை என்பதையும் கூறுதல் கடன். அடுத்தே நிழல் உவமையாகின்றது. தன் நிழல்போல் ஆசானை நீங்காது, நிறைந்த நெஞ்சத்தோடு ஒழுகுக என்கின்றது. முடிவில் அறத்தினின்றும் வழுவாமை என்னும் வரையறையும் உண்டு. அறம் அல்லாத வழியில் ஆசானை மகிழ்வித்தல் வழிபாடு ஆகாது. மேடைகளில் பாயிரத்தை எடுத்துப் பேசுவோர் நெருப்பைச் சொல்வர்; நிழலையும் அறத்தையும் விட்டுவிடுவர்.

பாடம் கேட்கும் முறையைக் கூறும் சூத்திரமும் இவ்வாறே பாதியளவில் எடுத்தாளப்படுகின்றது. ஓவியப் பாவைபோல் அடங்கியிருந்து கேட்க என்பது யாவர்க்கும் தெரியும். அதனை அடுத்த சூத்திரம் வினாவுதலையும் வினாவியதற்கு விடையிறுத்தலையும் கற்போனின் கடமையாக எண்ணுவதைச் சிலரே நினைவிற் கொள்வர். பாவை வினாவாது. கேட்கும்பொழுது பாவையாகவும், பயிலும்பொழுது வினாவுவோனாகவும் இருத்தல் வேண்டும் என்பதே இரண்டு சூத்திரங்களையும் கூட்டிக் கொள்ளும் பொருள். நாற்பது பேர் கொண்ட வகுப்பு ஓராண்டு முழுதும் பாவையாகவே இருப்பின் அதனை ஒழுக்கம் என மகிழ்தல் தகாது. அவ்வகுப்பில் ஒரு சூத்திரம் நிறைவேறாது கிடக்கின்றது.

கொடுக்கும் முறை

அச்சத்துக்கு மருந்தும் பாயிரத்துள்ளேயே இருக்கின்றது. ஆசிரியன் பாடஞ் சொல்லும் முறையைக் கூறும் சூத்திரம் காலத்தையும் இடத்தையும் நன்கு நோக்குக என்கின்றது. சொல்லப்போகும் பொருளை முன்னரே உள்ளத்தில் அமைத்துக்கொள்க என்கின்றது. விரைதலும் வெகுளுதலும் ஆகா. விருப்பமும் முகமலர்ச்சியும் வேண்டும். கொள்வோன் எவ்வகையால் கொள்ளுவான் என்பதை அறிதல் வேண்டும். உள்ளத்தில் கோணல் இன்றிக் கொடுத்தல் வேண்டும் என்று முறைப்படுத்துகின்றது. இதில் கோணல் இன்மை என்பதை யாம் நடுநிலை எனக் கொள்கின்றோம். முன் வரிசையில் இருப்போனுக்கு ஒரு முகமும் பின் வரிசையில் இருப்போனுக்கு ஒரு முகமும் காட்டாமையே அது. இச்சூத்திரத்தை முதன்மையாகக் கொண்டு ஏனையவற்றை இதற்கு இயைய உரைப்பின், அஞ்சுவோனை விலக்கும் சூத்திரத்துக்குத் தேவையே குறைந்துவிடும். கொள்வோன் கொள்ளும் வகையை அறியும் கடமை ஆசிரியன்மேல் இருக்க, அஞ்சுகின்றான் என்பதற்காக ஒருவனை வெளியேற்றுதல் அக்கடமையைக் கைவிட்டதாகவே முடியும்.

ஆயினும் நாட்டு நடப்பு வேறாக இருந்தது. பள்ளாரி மாவட்டக் கலெக்டர் காம்பெல் 1823-இல் அனுப்பிய அறிக்கையில், அம்மாவட்டத்துப் பள்ளிகளின் ஒரு வழக்கத்தைக் குறித்துள்ளார். காலையில் முதலில் வரும் பிள்ளையின் உள்ளங்கையில் சரசுவதி பெயர் எழுதப்படும். இரண்டாவதாக வருவோன் கையில் சுழி இடப்படும். மூன்றாமவனுக்கு ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு. பின்னர் வருவோர்க்கு ஒவ்வொன்றாக மிகும். கல்விக் கடவுளின் பெயரும் பிரம்பும் ஒரே வாயிலில் நின்றன. ஒருவன் இல்லத்தின் தொலைவும் அவன் செய்துவிட்டு வரவேண்டிய வேலையும் அக்கணக்கில் சேரவில்லை.

இதற்கு மாறான ஆசிரியரும் இருந்தனர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வரலாற்றையும் தம் வரலாற்றையும் எழுதிய சாமிநாதையர், தம் ஆசிரியரின் பொறுமையையும் மாணாக்கர்பால் அவர் கொண்ட அன்பையும் விரித்துரைத்துள்ளார். சைவ மடத்துச் சூழலில் வாழ்ந்த அப்பெரியாரிடம் கிறித்தவராகிய சவராயலு நாயகரும் இசுலாமியராகிய நாகூர்க் குலாம் காதிறு நாவலரும் பாடம் கேட்டனர். நூல் கொடுத்தலில் கோணல் இன்மைக்கு இது சான்று.

விலக்கப்பட்டோரும் இந்நகரும்

பாயிரத்து ஆசான் தேர்ந்துகொண்டான். இக்காலப் பொதுப் பள்ளிக்கும் கல்லூரிக்கும் அவ்வுரிமை இல்லை. விலக்குப் பட்டியலில் இருந்தோரையே வரவேற்று வகுப்பு அமைக்க வேண்டிய நிலை தோன்றியபோது என்ன செய்தனர் என்பதற்குத் தென்சென்னையே எடுத்துக்காட்டுகள் தருகின்றது.

1894-இல் கர்னல் ஆல்காட் அடையாற்றை ஒட்டித் தீண்டாமைக்கு ஆட்பட்ட மக்களின் பிள்ளைகளுக்காக ஓர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். வறுமையோடு சாதியும் சேர்ந்து விலக்கிய பிள்ளைகள் அவர்கள். பிறரோடு ஒரே பலகையில் அமரவியலாத காலத்தில், அமர்வதற்கு ஓர் இடம் என்பதே அப்பள்ளி தந்த முதற் பாடம்.

மயிலாப்பூரிற் பிறந்த சகோதரி சுப்புலட்சுமி இளமையிலே கைம்மை எய்தியவர். 1911-இல் மாநிலக் கல்லூரியிற் பட்டம் பெற்றவர். தம்மைப் போன்ற இளங்கைம்பெண்களுக்கு அவர் அமைத்த விடுதி, கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லம் என வழங்கும் ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் நெடுநாள் நடந்தது. வெளியே சென்றால் தீநிமித்தம் என ஏசப்பட்ட பெண்களுக்குப் புத்தகத்துக்கு முன்னர் அச்சமின்றி உறங்க ஓர் இடம் வேண்டியிருந்தது என்பதை அவர் அறிந்திருந்தார்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1930-இல் தொடங்கிய ஔவை இல்லத்தின் தோற்றமும் இத்தகையதே. தேவதாசி மரபிற் பிறந்த சிறுமியர் சிலர் படிக்க விரும்பி வந்தபோது மாணவியர் விடுதிகள் அவர்களை ஏற்க மறுத்தன. அவர்கள் அம்மையாரின் இல்லக் கதவைத் தட்டினர். அவ்வில்லம் 1936-இல் அடையாற்றுக்கு மாறிப் பள்ளியாகவும் வளர்ந்தது. பிறப்பால் வந்த பெயர் வகுப்பிற் சொல்லப்படுமோ என்னும் அச்சம் நீங்கினால்தான் நூலின்மேல் உள்ளம் செல்லும் என்பதற்கு இது தக்க சான்று.

1939-இல் இத்தாலி நாட்டுக் கல்வி அறிஞர் மரியா மாண்டிசோரி அம்மையார் அடையாற்றுக்கு வந்து ஆசிரியர் பலர்க்குப் பயிற்சி அளித்தார். போர்க்காலம் முழுதும் இந்தியாவிலேயே தங்கினார். குழந்தையின் அளவுக்கு ஏற்ற இருக்கை, தானே எடுத்துப் பயிலும் கருவி, பரிசும் தண்டனையும் வேண்டாமை ஆகியவை அவர் முறையின் கூறுகள். கொள்வோன் கொள்ளும் வகையை அறிக என்ற பாயிர விதிக்கும் இதற்கும் உள்ள ஒற்றுமை வியக்கத்தக்கது. இது அங்கிருந்து வந்தது என்றோ, அங்குச் சென்றது என்றோ யாம் கூறவில்லை. கற்பித்தலை ஆழ்ந்து நோக்குவோர் எந்நாட்டிலும் இவ்விடத்துக்கு வந்து சேர்வர் என்பதே கருத்து.

நாட்டுச் சட்டமும் பின்னர் இவ்வழியில் வந்தது. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, குழந்தையின் உடலை வருத்தும் தண்டனையோடு உள்ளத்தை வருத்துதலையும் தடை செய்கின்றது. ‘அச்சம் ஆடல்’ என்று பாயிரம் கடிந்தது, பல நூற்றாண்டுகளின் பின் சட்டச் சொல்லாயிற்று எனலாம்.

உடன் பயில்வோர்

புலமை நிரம்பும் வகையைப் பாயிரம் ஒரு கணக்காகக் கூறும். ஆசானிடம் நன்கு கேட்பினும் வருவது காற்பங்கே. உடன் பயில்வோரோடு பழகுதலால் மற்றொரு காற்பங்கு வரும். தான் பிறர்க்கு உரைப்பதனால் எஞ்சிய அரைப்பங்கு வரும். இக்கணக்கை உளங்கொண்டால், வகுப்பின் பாதுகாப்பு ஆசிரியனுடைய இனிய முகத்தோடு முடிவதன்று என்பது தெளிவாகும். உடனிருப்போன் பகையாயின் ஒரு காற்பங்கு போயிற்று. வாய் திறந்தால் நகைப்பர் என்னும் நிலை இருப்பின் அரைப்பங்கும் போயிற்று.

இது வெறும் கணக்கன்று. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலினத்து மாணவர் ஒருவரும் அவரைக் காக்க முயன்ற தங்கையும், ஒரே பள்ளியில் பயின்ற மாணவர்களால் தம் வீட்டிலேயே வெட்டப்பட்டனர். அதன் பின்னர்த் தமிழ்நாட்டு அரசு நீதிபதி கே. சந்துரு அவர்களின் தலைமையில் ஒருவர் குழுவை அமைத்தது. 2024 ஜூனில் அளிக்கப்பெற்ற அறிக்கை, சாதி அடையாளமாகக் கையிற் கட்டும் நிறக் கயிறுகளைத் தடை செய்யவும், மாணாக்கரை அகர வரிசையில் அமர்த்தவும் பரிந்துரைத்தது. யார் பக்கத்தில் யார் அமர்வது என்பது இன்றும் அறிக்கை எழுதப்படவேண்டிய செய்தியாக உள்ளது. உடன் பயில்வோரால் வரும் காற்பங்கைப் போற்றிய நூலை நாம் கற்பிக்கின்றோம். ஆனால் அக்காற்பங்கு கிடைக்கும் இருக்கையை அமைப்பதை அலுவலகத்தின் பொறுப்பு என விட்டுவிடுகின்றோம்.

எம் வகுப்பு

பிறரைக் கூறிய பின் எம்மையும் கூறல் முறை. மயிலாப்பூர் மாடவீதிகளிலிருந்தும் தியாகராய நகரிலிருந்தும் வருவோரும், கடலோரக் குப்பங்களிலிருந்தும் ஆற்றோரக் குடியிருப்புகளிலிருந்தும் வருவோரும் ஒருங்கிருந்து பயிலும் வகுப்பு எம்முடையது. சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மாணவியைப் பாடற் பகுதியொன்றை உரக்கப் படிக்கச் சொன்னோம். தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர் அவர். ழகரம் அவர் நாவில் யகரமாக வந்தது. வகுப்பு நகைத்தது. யாம் திருத்தினோம், மீண்டும் திருத்தினோம், மூன்றாம் முறை எம் முகத்திலும் நகை தோன்றியிருத்தல் வேண்டும். அவ்வாண்டு முழுதும் அவர் எம் வகுப்பில் வாய் திறந்திலர். அவர் இலக்கணத்துக்கு அஞ்சுகின்றார் என்றே யாம் அந்நாளிற் கருதினோம். அச்சம் ஆடியவர் யாமே என்பது, அடுத்த ஆண்டு அதே பாயிரத்தைப் பாடஞ் சொல்லுகையில் உரையைப் படித்தபோதுதான் விளங்கியது. அவரிடம் அதனைச் சொல்லுதற்குள் அவர் படிப்பு முடிந்து சென்றுவிட்டார்.

அதன் பின் சிலவற்றை மாற்றிக்கொண்டோம். படிக்கவேண்டிய பகுதியை முதல் நாளே குறித்துத் தருகின்றோம். முதலில் யாமே படிக்கின்றோம். ஒலிப்பைத் தனியே திருத்துகின்றோம். வாயால் வினவத் தயங்குவோர் சீட்டில் எழுதித் தரலாம். மறுநாள் பெயர் சொல்லாது விடை கூறுகின்றோம். மாணாக்கர் இருவர் இருவராக ஒரு சூத்திரத்தை ஒருவர்க்கொருவர் உரைக்கக் கால்மணி நேரம் ஒதுக்குகின்றோம். இணைகளை யாமே மாற்றியமைக்கின்றோம். இவை பெரிய சீர்திருத்தங்கள் அல்ல. பாடம் முன்போல் விரைந்து செல்வதில்லை என்னும் குறையும் உண்டு. ஆயின் விரைதல் ஆகாது என்பதும் பாயிரத்தின் சொல்லே.

இங்ஙனம் செய்தால் மாணாக்கர்க்கு அடக்கம் குறையும், நூலின் பெருமை தாழும் என்று ஐயுறுவார் உளர். அவ்வையம் மதிக்கத் தக்கதே. பிழையைப் பிழை எனக் கூறாது விடுதல் அருளன்று. தொல்காப்பியத்தையோ நன்னூலையோ எளிமை கருதிக் குறைத்துச் சொல்லுதலும் கொடையன்று. நூலின் அருமை அப்படியே இருத்தல் வேண்டும். அதனிடம் செல்லும் வழியில் உள்ள கருக்கு மட்டைகளே அகற்றப்படுதல் வேண்டும்.

முடிவாக: பாயிரம் அச்சத்தை மூன்று இடங்களில் கூறுகின்றது. அச்சம் ஊட்டுவோனை ஆசிரியன் அல்லன் என விலக்குகின்றது. அஞ்சித் தடுமாறுவோனை மாணாக்கன் அல்லன் என விலக்குகின்றது. அஞ்சி வழிபடுவோனைப் போற்றுகின்றது. இம்மூன்றனுள் முதலாவதையே இக்கால வகுப்புக்குரிய விதியாகக் கொள்ளுதல் வேண்டும் என்பது எம் கருத்து. மூன்றாவது அரசவையினின்று வந்தமையின் நிழலோடும் அறத்தோடும் சேர்த்தே உரைக்கப்படுதல் வேண்டும். இரண்டாவது, தேர்ந்துகொள்ளும் உரிமையோடு தோன்றிய விதி. அவ்வுரிமை ஒழிந்த இடத்தில் அதுவும் ஒழியும். நம் வகுப்பில் ஒரு மாணாக்கன் பழைய நூலுக்கு அஞ்சி நிற்பின், அவன் மாணாக்கன் ஆகானோ என்று பார்ப்பதற்கு முன், நாம் ஆசிரியர் ஆனோமோ என்று முன் சூத்திரத்தைப் புரட்டிப் பார்த்தல் நன்று.